அசையும் தலைக்கு எந்த ஸ்கேன்? மூளை எம்.ஆர்.ஐ.யில் வேகமும் அசைவுத் தாங்குதிறனும்

நோயாளி அசைந்து மூளை எம்.ஆர்.ஐ. படம் கெடும்போது கைவசம் இருக்கும் வழிகள் இரண்டு வகை. ஸ்கேன் நேரத்தைக் குறைப்பது ஒன்று. அசைந்தாலும் படத்தைத் தேற்றிவிடும் முறைக்கு மாறுவது இன்னொன்று. எந்த முறையின் மென்பொருளுக்கு உரிமம் வாங்குவது, எந்தப் புரோட்டோகாலை (ஸ்கேன்களின் அமைப்புத் தொகுப்பை) மாற்றுவது என்று தடுமாறுகிறவர்கள் நிறைய. விற்க வருபவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: "வேகமாக எடுத்தால் அசையவே நேரம் இருக்காதே!" இதில் பாதிதான் உண்மை. நேரம் குறைந்தால் அசைவு நேரும் வாய்ப்பு குறையும். நேர்ந்துவிட்ட அசைவு படத்துக்குச் செய்யும் கேடு குறையாது. வேகப்படுத்தும் சில முறைகளில் அது கூடவும் செய்யும். அதனால் இந்த ஒப்பீட்டில் வேகத்தையும் தாங்குதிறனையும் இரண்டு தனிக் கணக்காகவே வைத்திருக்கிறோம்.

## படம் ஏன் கெடுகிறது

எம்.ஆர்.ஐ. படம் புள்ளி புள்ளியாகச் சேர்வதில்லை. கே-ஸ்பேஸ் என்ற தளத்தில் வரி வரியாக அளந்து, எல்லா வரிகளும் வந்த பிறகே ஃபூரியே மாற்றம் என்ற கணக்கால் படம் ஆகிறது. ஒவ்வொரு வரியும் படம் முழுவதையும் தொடும். ஆகவே 20 ஷாட்டுகளில் (ஒரே மூச்சில் சில வரிகளை அளப்பது ஒரு ஷாட்) ஒன்றின்போது மட்டும் தலை 3 மி.மீ. நகர்ந்தாலும், கேடு அந்த இடத்தோடு நிற்காது. ஃபேஸ் திசை (வரிகள் அடுக்கப்படும் திசை) நெடுகப் பேய்ப்பிம்பங்களாக, அதாவது அதே உருவின் மங்கிய நகல்களாகப் பரவும். கே-ஸ்பேஸின் நடு வரிகளை அளக்கும்போது அசைந்தால் சேதம் அதிகம். ஓரத்து வரிகளில் அசைந்தால் விளிம்புகளில் அலைக்கோடுகளோடு தப்பிக்கலாம்.

அசைவிலும் வகை உண்டு. முறையைத் தேர்வதில் பாதி வேலை இந்த வகையைக் கண்டறிவதுதான்.

- நழுவல்: கழுத்துத் தசை தளர்ந்து, அல்லது தூக்கம் வந்து, தாடை மெல்ல இறங்குவது. சில நிமிடங்களில் 2–3 மி.மீ.
- திடீர் அசைவு: இருமல், விழுங்கல், சத்தத்துக்குத் திடுக்கிடுதல். நகர்ந்த தலை பெரும்பாலும் பழைய இடத்துக்கு அப்படியே திரும்புவதில்லை.
- தொடர் அசைவு: நடுக்கம், மனக்குழப்பம், வலி. எந்த ஷாட்டிலும் தலை நிற்காது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் மேலே சொன்ன அசைவு வகை. இரண்டாவது, எந்த சீக்வென்ஸ் (ஒரு வகைப் படத்துக்கான அளவை முறை) என்பது: ஸ்லைஸ் ஸ்லைஸாக எடுக்கும் 2டி-யில் அசைவு சில ஸ்லைஸ்களை மட்டும் கெடுத்துவிட்டுப் போகலாம், மூளை முழுவதையும் ஒன்றாக அளக்கும் 3டி-யில் ஒரே ஓர் அசைவு மொத்த வால்யூமையும் கெடுக்கும். மூன்றாவது, சிக்னல்-இரைச்சல் விகிதம். நான்காவது, அந்த முறை கொண்டுவரும் புதுப் பிழைகளை ரேடியாலஜிஸ்ட் கண்டுகொள்ள முடியுமா என்பது. ஐந்தாவது, அதே நோயாளியின் பழைய படங்களோடு ஒப்பிட முடியுமா என்பது.

ஆறாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: நிஜ நேரம். கன்சோலில் காட்டும் நேரத்தோடு கேலிபரேஷன், ரிப்பீட், ரிப்பீட்டுக்கு முன் நோயாளியிடம் பேசித் தலையை மறுபடி சரிசெய்வது, ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் காத்திருப்பு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பரிசோதனையில் ஏதாவதொரு சீக்வென்ஸை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் எந்த விளம்பரத் தாளிலும் வராது.

## வழி 1: வரிகளைத் தாண்டி எடுப்பது

பேரலல் இமேஜிங் எல்லோரிடமும் ஏற்கெனவே இருப்பது. இதன் வகைகளான சென்ஸ் 1999-இலும் கிராப்பா 2002-இலும் வெளிவந்தன. வரிகளில் ஒன்றைவிட்டு ஒன்றை அளந்து, விடுபட்டதைத் தலையைச் சுற்றிச் சிக்னல் வாங்கும் காயிலின் பல சேனல்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் கொண்டு நிரப்புவதுதான் அடிப்படை.

கணக்கு இப்படி. அச்சுக்குறுக்கு (தலையைக் குறுக்காக வெட்டிக் காட்டும்) டி2 டர்போ ஸ்பின் எக்கோ: டி.ஆர். (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கான நேரம்) 5 வினாடி, 320 ஃபேஸ் வரிகள், எக்கோ தொடர் (ஒரு ஷாட்டில் அளக்கும் வரிகள்) 16. அப்படியானால் 20 ஷாட்டுகள், 100 வினாடி. வேகமடங்கு 2 (பாதி வரிகளை மட்டும் அளப்பது) வைத்தால் 50 வினாடி. கேலிபரேஷன் வரிகளுக்குக் கொஞ்சம் கூடும்.

இதற்கு விலை சிக்னலில். விகிதம் வேகமடங்கின் வர்க்கமூலத்தாலும், காயில் அமைப்பைப் பொறுத்த ஜி-காரணியாலும் குறையும். மடங்கு 2, ஜி 1.1 என்றால் எஞ்சுவது 64 சதவீதம். மடங்கு 3, ஜி 1.3 என்றால் 44 சதவீதம். ஜி-காரணி தலையின் நடுவில்தான் உச்சம் தொடும். ஆகவே மடங்கை ஏற்றும்போது முதலில் மணல் தூவியதுபோல் ஆவது தாலமஸும் மூளைத்தண்டும். கார்டெக்ஸை மட்டும் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறதே" என்று புரோட்டோகாலைப் பூட்டிவிடக் கூடாது.

அசைவில் இது எங்கே உடைகிறது? கேலிபரேஷனில். தனி கேலிபரேஷன் ஸ்கேன் எடுக்கும் முறைகளில், அதற்கும் உண்மையான ஸ்கேனுக்கும் நடுவே தலை நகர்ந்தால் நிரப்பும் கணக்கே தவறிப்போகும். படம் நடுவில் மடிந்து விழும். அசையக்கூடியவர்களுக்குக் கேலிபரேஷன் வரிகளை ஸ்கேனுக்குள்ளேயே சேர்த்து எடுங்கள். 24 முதல் 32 வரிகள் கூடுதலாகும்; கொடுத்துவிடலாம். இரண்டு ஆவரேஜை (இருமுறை அளந்து சராசரி எடுப்பதை) ஒன்றாகக் குறைக்கும் பழக்கத்திலும் இதே ஆபத்து: இரண்டாவது ஆவரேஜ் பேய்ப்பிம்பங்களை ஓரளவு அமுக்கிக்கொண்டிருந்தது; அதை எடுத்தவுடன் அவை வெளியே தெரியும்.

ஒரே நேரத்தில் பல ஸ்லைஸ் எடுக்கும் எஸ்.எம்.எஸ். முறையில் வர்க்கமூல இழப்பு இல்லை, ஜி-காரணி மட்டுமே. டிஃப்யூஷனுக்கு (திசுவில் நீரின் பரவலைக் காட்டும் படத்துக்கு) இது அருமை. டர்போ ஸ்பின் எக்கோவில் அவ்வளவு இல்லை: 3 டெஸ்லாவில் ஆர்.எஃப். (ரேடியோ அலை) வெப்ப வரம்பு குறுக்கே நிற்கும். டி.ஆர். நீளமாக இருப்பதற்குக் காரணம் டி2 மாறுபாடே (கான்ட்ராஸ்ட்) என்றால், ஸ்லைஸ்களை இணைத்தும் நேரம் மிச்சமாகாது. இது கைகொடுக்கும் இடம் ஃப்ளேர், அதாவது மூளைநீரின் சிக்னலை அமுக்கி எடுக்கும் படம். டி.ஆர். 9 வினாடி, 256 வரிகள், எக்கோ தொடர் 16 என்றால் ஒரு தொகுதிக்கு 144 வினாடி. ஸ்லைஸ்கள் ஒரே டி.ஆர்.-இல் அடங்காமல் இரண்டு தொகுதியானால் 288. எஸ்.எம்.எஸ். 2 வைத்தால் ஒரே தொகுதியில் அடங்கி, மறுபடி 144.

3டி-யில் வேவ்-கைப்பி என்ற பேரலல் முறை இன்னும் தூரம் போகும். 3 டெஸ்லாவில் 32 சேனல் காயிலோடு, மடங்கு 9-இல், 1 மி.மீ. எம்.பி.ரேஜில் (டி1 வகை 3டி ஸ்கேனில்) முழு மூளையை 72 வினாடியில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். வழக்கமாக மடங்கு 2-இல் 5 நிமிடத்துக்கு மேல் ஆகும் ஸ்கேன் அது. கம்ப்ரெஸ்டு சென்ஸிங் (எம்.ஆர்.ஐ.க்கு 2007-இல் வந்தது) 3டி-யில்தான் லாபம், 2டி-யில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வரிகளைத் தாறுமாறான ஒழுங்கில் அளப்பதால், அசைவு இங்கே தெளிவான பேய்ப்பிம்பமாக வராமல் பொதுவான மங்கலாக வரும். அசைவுதான் காரணம் என்றே தெரியாமல் போகலாம் என்பது இதன் மறைமுகச் செலவு.

யாருக்கு: சொன்னால் கேட்டு, ஓரிரு நிமிடம் அசையாமல் இருக்கக்கூடியவர்கள், நேரம் ஆக ஆகத் தளர்கிறவர்கள். நழுவலுக்கு நல்ல மருந்து. தொடர் அசைவுக்கு இதை நம்பி இறங்காதீர்கள்.

## வழி 2: ஆழ்கற்றல் ரீகன்

ரீகன் என்பது ரீகன்ஸ்ட்ரக்ஷன், அளந்த டேட்டாவிலிருந்து படத்தைக் கட்டுவது. ஜி.இ.-யின் ஏர் ரீகன் டி.எல்., சீமென்ஸின் டீப் ரிசால்வ், ஃபிலிப்ஸின் ஸ்மார்ட்ஸ்பீட், கேனனின் ஏ.ஐ.சி.இ. ஆகியவை எல்லாம் இந்த வகை. பெயர்களும் உள்ளமைப்பும் வேறு; புழக்கத்தில் செய்வது ஒன்றே: இரைச்சலை நீக்கி, நீங்கள் விட்டுக்கொடுத்த சிக்னலைப் பார்வைக்குத் திருப்பித் தருவது. அந்த லாபத்தை நேரமாக மாற்றலாம். ஆவரேஜ் 2-ஐ 1 ஆக்கி, மடங்கு 2-ஐ 3 ஆக்கினால் ஸ்கேன் மூன்றில் ஒரு பங்காகும்.

வேகத்துக்கு இன்றைக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் பொதுவாக இது அசைவைத் திருத்துவதில்லை. அசைவு கலந்த டேட்டாவைக் கொடுத்தால் இரைச்சல் நீங்கிய, விளிம்பு கூர்மையான பேய்ப்பிம்பத்தைத் திருப்பித் தரும். பழைய படத்தில் சொரசொரப்பு கூடினால் "டேட்டா போதவில்லை" என்று கண்ணுக்கே பட்டுவிடும். இங்கே அந்த எச்சரிக்கை மறைந்துவிடுகிறது. 2020-இல் நடந்த ஃபாஸ்ட்எம்.ஆர்.ஐ. போட்டியில் மூளைப் படங்களைப் பார்த்த ரேடியாலஜிஸ்ட்கள், மடங்கு கூடியபோது சில மாடல்கள் இல்லாத அமைப்புகளை உண்டாக்கியதையும் இருந்த மாற்றங்களை அழித்ததையும் குறித்தார்கள். விற்பனைக்கு வந்தவை அந்தப் போட்டி மாடல்கள் அல்ல என்றாலும், மடங்கை ஏற்றும் கையில் நிதானம் வேண்டும்.

புதிதாகப் போட்டவுடன் செய்ய வேண்டியது: சில வாரங்களுக்குச் சாதாரண ரீகனையும் கூடவே சேமியுங்கள். சிறிய, மாறுபாடு குறைந்த புண்களில், அதாவது கார்டெக்ஸை ஒட்டிய சிறு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ்) தடங்கள், பழைய சிறு இன்ஃபார்க்டுகள் (ரத்தம் தடைபட்டு இறந்த திட்டுகள்) போன்றவற்றில், இரண்டையும் பக்கத்தில் பக்கமாகப் பாருங்கள். இரைச்சல் நீக்கும் அளவை உச்சத்தில் வைக்காமல் நடுத்தரத்தில் தொடங்குவது எங்கள் பரிந்துரை.

## வழி 3: உறையவைத்து எடுப்பது

ஒற்றை ஷாட் இ.பி.ஐ. (எல்லா வரிகளையும் ஒரே ஷாட்டில் அளக்கும் முறை) ஒரு ஸ்லைஸை 100 மில்லிவினாடிக்குச் சற்று முன்பின்னாக எடுத்துவிடும். டர்போ ஸ்பின் எக்கோவின் ஒற்றை ஷாட் வடிவமான ஹேஸ்ட் அல்லது எஸ்.எஸ்.எஃப்.எஸ்.இ. ஒரு ஸ்லைஸுக்கு ஒரு வினாடிக்குள். தலை ஆடிக்கொண்டே இருந்தாலும் ஒவ்வொரு ஸ்லைஸும் தனித்தனியே தெளிவாக இருக்கும். சுவீடனின் கரோலின்ஸ்கா குழு 2018-இல் காட்டிய இ.பி.ஐ.மிக்ஸ், ஆறு வகை மாறுபாடுகளில் முழு மூளையை ஏறக்குறைய 75 வினாடியில் எடுக்கிறது.

விலை படத்தரத்தில். இ.பி.ஐ.-இல் சைனஸ் மேலேயும் காதெலும்பு அருகிலும் படம் இழுபடும். பல் உலோகம், ஷண்ட் (மூளைநீரை வடிக்கும் குழாய்) வால்வு இருந்தால் ஒரு பகுதியே காணாமல் போகும். ஹேஸ்டில் அந்த இழுபறி இல்லை. ஆனால் நுண்விவரம் மங்கும், ரத்தக்கசிவு தெரியாது, மூளைநீர் ஓட்டம் வென்ட்ரிக்கிளுக்குள் (மூளைநீர் அறைக்குள்) பொய்யான கறுப்புத் திட்டுகளை விடும்.

இன்னொரு கண்ணி அடுக்கில் இருக்கிறது. ஸ்லைஸ் ஒவ்வொன்றும் தெளிவு என்பதால் அடுக்கு முழுமை என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு ஸ்லைஸ்களுக்கு நடுவே தலை மேலும் கீழும் நகர்ந்தால் ஓர் இடம் இரண்டு முறை வரும், இன்னோர் இடம் வராமலே போகும். மருந்து எளிது: அரை நிமிடம்கூட ஆகாத அந்த அடுக்கை இரண்டு தளங்களில் எடுங்கள்.

ஷண்ட் வைத்த குழந்தைகளின் வென்ட்ரிக்கிள் அளவைப் பார்க்க ஹேஸ்ட் மட்டுமே போதும். மயக்கமும் வேண்டாம், சி.டி. கதிரும் வேண்டாம். ஆனால் புரோகிராம் செய்யக்கூடிய வால்வு காந்தப்புலத்தில் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். ஸ்கேனுக்குப் பின் வால்வைச் சரிபார்க்க ஆள் இருக்கிறார்களா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். மூன்று நிமிட ஸ்கேனின் உண்மையான நீளம் அதையும் சேர்த்ததுதான்.

## வழி 4: ப்ரொபெல்லர்

1999-இல் வெளிவந்த முறை. சீமென்ஸில் பிளேட், ஃபிலிப்ஸில் மல்டிவேன், கேனனில் ஜெட் என்று பெயர் மாறும். கே-ஸ்பேஸை நேர்வரிகளாக நிரப்பாமல், மையத்தின் வழியே போகும் பட்டைகளாகச் சுழற்றி எடுக்கும். ஒவ்வொரு பட்டையிலும் மையப்பகுதி திரும்பத் திரும்ப அளக்கப்படுகிறது. ஒவ்வொரு பட்டையின் மையமும் ஒரு சிறு மங்கலான படம். அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால் அந்த ஷாட்டில் தலை எவ்வளவு திரும்பியது, எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். திருத்திச் சேர்க்கலாம். பொருந்தாத பட்டைக்கு மதிப்பைக் குறைக்கலாம்.

இதன் செலவு பை-யில் பாதி, அதாவது 1.57 மடங்கு நேரம். மேலே சொன்ன அதே டி2-க்கு: 320 அளவு, பட்டைக்கு 16 வரிகள் என்றால் 32 பட்டைகள், 160 வினாடி.

இங்கே ஒரு சூட்சுமம். 16 வரி அகலப் பட்டை மெலிந்தது. பொருத்திப் பார்க்கும் மையப் படம் மிகச் சிறியதாகி, திருத்தம் தடுமாறும். பட்டைக்குள்ளேயே பேரலல் இமேஜிங் மடங்கு 2 வைத்தால் அதே 16 எக்கோவில் 32 வரி அகலம் கிடைக்கும். பட்டைகள் 16 போதும், 80 வினாடி. வேகமும் கூடி, தாங்குதிறனும் கூடும் அரிய இடம் இது. ப்ரொபெல்லரை மடங்கு இல்லாமல் ஓட்டிவிட்டு "நேரம் எடுக்கிறது, சரியாகவும் திருத்தவில்லை" என்று கைவிட்டவர்கள், இந்த ஓர் எண்ணை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

எல்லோருக்கும் இதையே வைத்துவிடலாமா? 80 வினாடி ப்ரொபெல்லருக்கு எதிரே 50 வினாடிச் சாதாரண டி2. ரிப்பீட் ஒன்றுக்கு ஸ்கேன் 50 வினாடி, நோயாளியிடம் பேசித் தலையைச் சரிசெய்ய 60 வினாடி என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 27 பேருக்கு மேல் ரிப்பீட் தேவைப்படும் இடத்தில்தான் ப்ரொபெல்லர் நேரக் கணக்கில் வெல்லும். வெளிநோயாளிகளில் அந்த அளவு வருவது அபூர்வம். அவசரப் பிரிவிலும் வார்டுகளிலும் எளிதில் வரும். ஆகவே ஒரே புரோட்டோகாலில் இரண்டையும் வைத்து, லோக்கலைசரும் (இடம் குறிக்க எடுக்கும் முன்படம்) டிஃப்யூஷனும் ஓடும்போதே ஆளைக் கவனித்து எது என்று முடிவுசெய்வது நல்லது.

தளத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ப்ரொபெல்லர் ஸ்லைஸ் தளத்துக்குள் நடக்கும் திருப்பத்தைத்தான் திருத்தும். தளத்தை விட்டு வெளியேறும் அசைவை ஒதுக்கி வைக்க மட்டுமே முடியும். மல்லாந்து படுத்தவர் தலையை இடம் வலமாகத் திருப்பினால், அச்சுக்குறுக்குத் தளத்துக்குள் அடங்கும், திருந்திவிடும். தாடையை ஏற்றி இறக்கினால், அதாவது 'ஆம்' என்று தலையாட்டும் திசையில் அசைந்தால், அது அச்சுக்குறுக்குத் தளத்தை விட்டு வெளியே போகிறது. விழுங்கும்போதும் தூங்கி வழியும்போதும் நடப்பது இந்த இரண்டாவதுதான். அப்படிப்பட்டவருக்கு சாஜிட்டல் (பக்கவாட்டுத் தோற்ற) தளத்தில் ப்ரொபெல்லர் வைத்தால் அதே அசைவு தளத்துக்குள் வந்துவிடும்.

சாஜிட்டலிலும் கரோனலிலும் (முகத்துக்கு இணையான தளத்திலும்) வைக்கும்போது கழுத்தும் தோளும் எல்லாத் திசையிலிருந்தும் மடிந்து வரும், ஏனென்றால் ஃபேஸ் திசை சுழன்றுகொண்டே இருக்கிறது. ஓவர்சாம்பிளிங்கைக் (படப்பரப்புக்கு வெளியேயும் அளப்பதை) கூட்டுங்கள், கழுத்துப் பக்கம் சிக்னலை அணைக்கும் சாச்சுரேஷன் பட்டை வையுங்கள். நேரத்தை மிச்சம்பிடிக்கப் பட்டைக் கவரேஜை 100 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் படத்தின் ஓரங்களில் கோடுகள் ஓடும்.

டி2, ஃப்ளேர், டிஃப்யூஷன் மூன்றுக்கும் சரி. ஸ்பின் எக்கோ அல்லாத டி1, ரத்தக்கசிவு பார்க்கும் எஸ்.டபிள்யூ.ஐ., 3டி எதற்கும் இது உதவாது.

## வழி 5: தலையைப் பின்தொடர்வது

3டி-யில் ப்ரொபெல்லர் இல்லாத இடத்தை நேவிகேட்டரும் கேமராவும் நிரப்புகின்றன. தலை நகர்ந்தவுடன் ஸ்கேன் அச்சுகளையும் கூடவே நகர்த்திக்கொண்டு போவதுதான் உத்தி.

நேவிகேட்டர்: வி-நேவ் முறையில், எம்.பி.ரேஜின் ஒவ்வொரு டி.ஆர்.-இலும் வெறுமனே கிடக்கும் நேரத்தில் 275 மில்லிவினாடியில் ஒரு கரடுமுரடான 3டி படம் எடுத்து, தலையின் இடத்தைக் கணிக்கும். ஸ்கேன் நேரம் கூடாது, கூடுதல் கருவி வேண்டாம். மோசமான டி.ஆர்.-களைக் கடைசியில் மறுபடி எடுக்கவும் செய்யும்: டி.ஆர். 2.5 வினாடி, 24 மறு அளவுகள் என்றால் கூடுதல் 60 வினாடி. ஆயிரக்கணக்கான சிறுவர்களை ஸ்கேன் செய்யும் அமெரிக்க ஏ.பி.சி.டி. ஆய்வு சீமென்ஸில் வி-நேவையும் ஜி.இ.-யில் அதுபோன்ற ப்ரோமோவையும் கையாள்கிறது. குறை: டி.ஆர்.-க்கு ஒருமுறை மட்டுமே பார்ப்பதால், 2.5 வினாடிக்குள் ஆடி முடிந்த நடுக்கம் அதற்குத் தெரியவே தெரியாது. டி.ஆர்.-க்குள் சும்மா கிடக்கும் நேரம் இல்லாத சீக்வென்ஸில் நுழைத்தால் ஸ்கேனும் நீளும்.

கேமரா: வினாடிக்குப் பல பத்து முறை பார்க்கும். நடுக்கத்தையும் பிடிக்கும். ஆனால் செலவுகள் வரிசையாக நிற்கின்றன. காயிலின் கண் துவாரம் வழியாகக் கேமராவுக்குப் பார்வை கிடைக்க வேண்டும். சேனல் கூடிய காயில்களில் துவாரம் சிறியது. கேமராவின் அச்சையும் காந்தத்தின் அச்சையும் ஒன்றோடொன்று கேலிபரேட் செய்திருக்க வேண்டும், அதை அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும். மார்க்கர் மண்டையோட்டோடு இறுகியிருக்க வேண்டும். நெற்றியில் ஒட்டிய மார்க்கர், நோயாளி புருவத்தைச் சுருக்கினாலே தோலோடு நகரும். தலை அசையாதபோதும் ஸ்கேனர் அசைந்ததாக எண்ணித் 'திருத்தி', நல்ல படத்தைக் கெடுக்கும். பல்லில் கடிக்கும் மார்க்கர் இறுக்கமானது. ஆனால் வாய் வறளும், எச்சில் விழுங்கவும் தொந்தரவு. மார்க்கர் இல்லாமல் முகத்தைப் பார்க்கும் கேமராக்களுக்கும் முகபாவம் ஒரு பகைதான்.

இரண்டுக்கும் பொதுவான குறை: முன்னோக்கி, அதாவது ஸ்கேன் ஓடும்போதே, திருத்தியதைத் திரும்பப் பெற முடியாது. பின்தொடர்தல் தவறினால் டேட்டாவே கெட்டது. மேலும் தலை நகர்ந்தாலும் காயில் அதே இடத்தில்தான் இருக்கிறது. சைனஸ் ஓரக் காந்தப்புலமும் தலையின் சாய்வுக்கேற்ப மாறுகிறது. எக்கோ நேரம் நீண்ட எஸ்.டபிள்யூ.ஐ.-இல் இடத்தைச் சரியாகத் திருத்திய பிறகும் ஃபேஸ் பிழை மிஞ்சுவது இதனால்தான்.

பின்னோக்கித் திருத்தம்: ஸ்கேன் முடிந்த பிறகு அசைவைக் கணித்து ரீகனில் நேராக்குவது. சேமர் முறை சில வினாடிகளில் எடுத்த ஒரு தாழ்தர ஸ்கவுட்டை (முன்படத்தை) அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொரு ஷாட்டின் அசைவையும் கணிக்கிறது. மூல டேட்டா கையில் இருப்பதால் திருத்தாத படத்துக்குத் திரும்பலாம், அது பெரிய நிம்மதி. பெரிய திருப்பத்தில் கே-ஸ்பேஸில் ஓட்டை விழுந்தால் நிரப்ப வழியில்லை.

யாருக்கு: மூளைக் கனஅளவு அளப்பவர்கள், வலிப்பு நோய்க்கு 3டி பார்ப்பவர்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு அசைவுகூட சாம்பல் நிறப்பொருளின் கனஅளவையும் தடிமனையும் குறைத்துக் காட்டும் என்பது 2015-இல் நிறுவப்பட்டது. நோயாளிகள் கட்டுப்பாட்டுக் குழுவைவிட அதிகம் அசைபவர்களாக இருந்தால், அசைவே நோயாகத் தெரியும்.

## மயக்க மருந்து

இதுவும் ஒரு தேர்வுதான், கடைசியில் வர வேண்டிய தேர்வு. காந்த அறைக்கேற்ற கண்காணிப்புக் கருவி, மயக்க மருத்துவர், விழித்தெழும் வரை படுக்கை என்று ஒரு ஸ்கேனுக்கு அரைநாள் போகும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நீண்ட நேர அல்லது பலமுறை மயக்கம் குறித்து அமெரிக்க எஃப்.டி.ஏ. 2016-இல் எச்சரித்தது. முதல் சில மாதக் கைக்குழந்தைகளுக்குப் பாலூட்டி, துணியில் சுற்றி, காதை மூடித் தூங்கவைத்தே எடுத்துவிடலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | நேரம் | தாங்கும் அசைவு | எதற்கு உதவும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| பேரலல், எஸ்.எம்.எஸ்., வேவ் | நன்கு குறையும் | நழுவல் மட்டும் | கிட்டத்தட்ட எல்லாம் | நடுமூளை இரைச்சல், கேலிபரேஷன் தவறுதல் |
| ஆழ்கற்றல் ரீகன் | மிகவும் குறையும் | நழுவல் மட்டும் | எல்லாம், உரிமத்தைப் பொறுத்து | எச்சரிக்கை இரைச்சல் மறைவது |
| ஒற்றை ஷாட் | வினாடிகள் | தொடர் அசைவும் | டிஃப்யூஷன், விரைவு டி2 | இழுபறி, நுண்விவர இழப்பு, அடுக்கில் விடுபடல் |
| ப்ரொபெல்லர் | 1.57 மடங்கு | தளத்துக்குள் எதுவும் | 2டி டி2, ஃப்ளேர் | மடிப்பு, தலையாட்டலில் தோல்வி |
| நேவிகேட்டர் | மாறாது, சற்றுக் கூடலாம் | நழுவல், திடீர் அசைவு | 3டி | மறு அளவு நேரம் |
| கேமரா | மாறாது | நடுக்கமும் | 3டி, 2டி | மார்க்கர், கேலிபரேஷன், பார்வைத் துவாரம் |

## எங்கள் வரிசை

புதிதாக எதையும் வாங்கும் முன், டிஃப்யூஷனை முதலிலும் 3டி-யை அதற்கடுத்தும் வைத்து வரிசையை மாற்றுங்கள். காயிலுக்கும் கன்னத்துக்கும் நடுவே இருபுறமும் மெத்தைத் துண்டு இறுக்குங்கள். ஒவ்வொரு சீக்வென்ஸுக்கும் முன் "இப்போது இரண்டு நிமிடம்" என்று மைக்கில் சொல்லுங்கள். காசில்லாத திருத்தம்.

வெளிநோயாளிகளே பெரும்பாலோர் என்றால் ஆழ்கற்றல் ரீகன்தான் முதல் செலவாக இருக்க வேண்டும். அவசரப் பிரிவு, பக்கவாதம், வார்டு நோயாளிகள் அதிகம் என்றால் மடங்கு 2 வைத்த ப்ரொபெல்லரும் ஓர் இ.பி.ஐ. விரைவுத் தொகுப்பும் முதலில். ரீகன் உரிமம் அப்புறம். குழந்தைகள் அதிகம் என்றால் ஹேஸ்டும் நேவிகேட்டரும். கேமராவை ஆராய்ச்சி நடக்கும் இடத்துக்கும், அதைப் பராமரிக்க ஒரு இயற்பியலாளர் இருக்கும் இடத்துக்கும் மட்டுமே சொல்வோம்.

உரிமத்தைச் சோதனைக்குக் கேட்டு வாங்குங்கள். ஒப்புதல் தந்த ஒருவரை நான்கு முறை படுக்கவையுங்கள்: அசையாமல் ஒருமுறை, ஸ்கேனில் மூன்றில் ஒரு பங்கு போனதும் 5 டிகிரி இடப்பக்கம் திரும்பி அங்கேயே இருக்க ஒருமுறை, பாதியில் தாடையை ஏற்றி இறக்க ஒருமுறை, அரை நிமிடத்துக்கொரு தடவை விழுங்க ஒருமுறை. அதே நான்கையும் பழைய சீக்வென்ஸிலும் எடுத்து, எது எதுவென்று சொல்லாமல் ரேடியாலஜிஸ்ட்டிடம் கொடுங்கள். படங்களோடு ரீகன் நேரத்தையும் கடிகாரம் வைத்துக் குறியுங்கள். அடுத்தவர் மேசையில் ஏறிய பிறகுதான் முந்தையவரின் படம் திரையில் திறக்கிறது என்றால், ரிப்பீட் எடுக்க அங்கே ஆளே இருக்காது.